கிரீன்பீஸ் என்னதான் செய்கிறது?

ஒரு கல்லூரி மாணவி கேட்டது இது: "கிரீன்பீஸ் அமைப்பின் குறிக்கோள் என்ன? கப்பலில் போய் மறிப்பது, உயரமான கட்டடத்தில் ஏறிப் பதாகை கட்டுவது தவிர உருப்படியாக எதையாவது சாதித்திருக்கிறார்களா? வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு நாட்டின் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?"

நான்கு கேள்விகள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்தச் சுற்றுச்சூழல் அமைப்பைக் கண்மூடித்தனமாகப் புகழ்கிறவர்களும் கண்மூடித்தனமாகத் திட்டுகிறவர்களும்தான் அதிகம். இரண்டு பக்கத்திலும் விவரம் குறைவு.

குறிக்கோளைச் சொல்வதற்கு முன் அவர்களுடைய முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1971 செப்டம்பர் 15 அன்று கனடாவின் வான்கூவர் துறைமுகத்திலிருந்து 'ஃபிலிஸ் கார்மாக்' என்ற பழைய மீன்பிடிப் படகு கிளம்பியது. படகின் கேப்டனையும் சேர்த்து 12 பேர். போக வேண்டிய இடம் அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவுக் கூட்டத்தில் உள்ள அம்சிட்கா. அந்தத் தீவின் அடியில் அமெரிக்கா ஒரு அணுகுண்டை வெடித்துப் பார்க்கவிருந்தது. 1964இல் அலாஸ்காவில் வந்த பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த சுனாமியும் அந்தக் கரையோர மக்களுக்கு மறக்கவில்லை. பூமிக்குள் குண்டு வைத்தால் மறுபடியும் கடல் எழும்புமோ என்ற பயம். அதனால் வான்கூவரில் சிலர் சேர்ந்து தொடங்கிய குழுவுக்கு 'அலை எழுப்பாதே குழு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். படகை நேராகக் குண்டு வெடிக்கிற இடத்துக்கே ஓட்டிப் போனால் என்ன என்று கேட்டவர் மேரி போலன் என்ற பெண்மணி. ஒரு கூட்டம் முடிந்து கலையும்போது ஒருவர் வழக்கம்போல் "பீஸ்" என்று சொல்லி விடைபெற, பில் டார்னெல் என்ற இளைஞர் "அது கிரீன் பீஸாக இருக்கட்டும்" என்றார். பெயர் அங்கே பிறந்தது.

அந்தப் படகு அம்சிட்காவைச் சென்றடையவே இல்லை. வழியில் அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் மறித்தது. வானிலையும் மோசமாகி, திரும்பி வந்தார்கள். நவம்பர் 6 அன்று குண்டு வெடித்தது. ஏறக்குறைய 5 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல 300 மடங்குக்கும் மேல். கணக்குப்படி பார்த்தால் படுதோல்வி. ஆனால் அந்தப் பயணம் நடந்துகொண்டிருந்த வாரங்களில் வட அமெரிக்கச் செய்தித்தாள்கள் முழுக்க அம்சிட்காதான். அதுவரை யாருக்கும் பெயர் தெரியாத தீவு அது. மறித்த காவல் கப்பலின் மாலுமிகளே சிலர், "உங்கள் பக்கம்தான் நாங்கள்" என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படகில் இருந்தவர்களிடம் கொடுத்தார்கள். 1972 தொடக்கத்தில், அம்சிட்காவில் இனிச் சோதனை கிடையாது என்று அமெரிக்கா அறிவித்தது. இன்று அந்தத் தீவு காட்டுயிர்ப் புகலிடம்.

அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் சிலர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் 'சாட்சி நிற்பது' என்றொரு பழக்கம் உண்டு. அநியாயம் நடக்கிற இடத்துக்குப் போய் நிற்பது. கை ஓங்காமல், கண்ணை மூடாமல் நிற்பது. இது நமக்கு அந்நியமான யோசனை இல்லை. தெருவில் ஒருவன் அநியாயம் செய்தால், "நாலு பேர் பார்க்கட்டும்" என்று நம் பாட்டிமார் சத்தம் போடுவார்களே, அதேதான். நாலு பேர் பார்க்கும்போது ஓங்கிய கை கொஞ்சமாவது தயங்கும். கடலிலும் பனிப்பாலைவனத்திலும் நடுக்காட்டிலும் நடக்கிற அழிவுக்கு அந்த நாலு பேர் கிடைப்பதில்லை. அங்கே போய் நின்று, படம் எடுத்து, ஊரைக் கூட்டுவதுதான் கிரீன்பீஸின் அடிப்படை வேலை. முதல் படகில் இருந்த பத்திரிகையாளர் பாப் ஹன்ட்டர் இதற்கு 'மனக் குண்டு' என்று ஒரு சொல்லே வைத்திருந்தார். ஒரே ஒரு படம் கோடிப் பேர் மனதுக்குள் போய் வெடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

எழுத்தில் இருக்கிற குறிக்கோள் சுருக்கமானது: பூமி எல்லா வகை உயிர்களையும் வளர்த்துக் காக்கும் திறனோடு இருக்க வேண்டும். அதன் கீழே அணு ஆயுத ஒழிப்பு, கடல், காடு, பருவநிலை, நச்சுக் கழிவு, வேளாண்மை என்று வரும். நடைமுறை விதிகள் மூன்று: வன்முறை கூடாது; அரசுகளிடமும் கம்பெனிகளிடமும் கட்சிகளிடமும் பணம் வாங்கக் கூடாது; நிரந்தர நண்பனும் கிடையாது, நிரந்தர எதிரியும் கிடையாது. 1979இல் சர்வதேச அமைப்பாக ஒன்றிணைந்தது. தலைமையகம் ஆம்ஸ்டர்டாம்.

சரி, சாதனை. திமிங்கலத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் உலகம் அவர்களைத் தெரிந்துகொண்டது அதனால்தான். 1975 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் நடுக்கடலில் சோவியத் திமிங்கல வேட்டைக் கப்பல்களைக் கண்டுபிடித்து, வேட்டைக் கப்பலுக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே ரப்பர் படகைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பீரங்கியிலிருந்து பாய்ந்த ஈட்டி அவர்கள் தலைக்கு மேலே பறந்து போய்த் திமிங்கலத்தின் உடம்பில் இறங்கியது. அது படமாகி, தொலைக்காட்சிகளில் ஓடியது. அதுவரை திமிங்கல வேட்டை என்றால் பழங்காலத்து வீரக் கதை. அந்தப் படத்துக்குப் பிறகு, இரும்புக் கப்பல் ஒன்று ஒரு உயிரைத் துரத்திக் கொல்வது என்று ஆனது. 1982இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த வாக்களித்தது. 1986இல் நடைமுறைக்கு வந்தது. இதை கிரீன்பீஸ் தனியாகச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். விஞ்ஞானிகளும் பல நாட்டு அரசுகளும் வேறு அமைப்புகளும் சேர்ந்து தள்ளிய தேர் அது. ஆனால் முதல் வடத்தைப் பிடித்தவர்களில் இவர்கள் இருந்தார்கள்.

அடுத்த கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகள் என்று ஒரு நாடு. அங்கே பிகினி பவளத்தீவில் 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. பக்கத்தில் ரோங்கலாப் தீவில் குடியிருந்த மக்கள் மேல் வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. பனி என்றால் என்னவென்றே அறியாத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். 1957இல் "இனி ஆபத்தில்லை" என்று சொல்லித் திரும்பக் குடியேற்றினார்கள். அதன் பிறகு தைராய்டு கட்டிகள், புற்றுநோய், கருச்சிதைவுகள். எங்களை இங்கிருந்து வெளியே கொண்டுபோங்கள் என்று அந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், யாரும் வரவில்லை. 1985 மே மாதம் கிரீன்பீஸின் 'ரெயின்போ வாரியர்' கப்பல் போனது. சுமார் 300 பேரையும், பிரித்தெடுத்த வீட்டுப் பலகைகளையும், தட்டுமுட்டுச் சாமான்களையும் நடை நடையாக ஏற்றிப் போய் மெஜாட்டோ என்ற வேறொரு தீவில் இறக்கினார்கள். பதாகை கட்டுவது தவிர என்ன செய்தார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு ஊரையே குடிபெயர்த்தார்கள்.

அங்கிருந்து கப்பல் நியூசிலாந்து போனது. முருரோவா தீவில் பிரான்ஸ் நடத்திவந்த அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்துப் படகு வரிசை ஒன்றைக் கூட்டிப்போகத் திட்டம். 1985 ஜூலை 10 நள்ளிரவு நெருங்கும்போது ஆக்லாந்து துறைமுகத்தில் கப்பலின் அடியில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வெடித்தன. ஃபெர்னாண்டோ பெரேரா என்ற புகைப்படக்காரர் மூழ்கும் கப்பலுக்குள் சிக்கி இறந்தார். ரோங்கலாப் மக்கள் இடம்பெயர்ந்ததைப் படம் எடுத்தவர் அவர்தான். குண்டு வைத்தது பிரெஞ்சு உளவுத்துறை. தேன்நிலவுக்கு வந்த ஸ்விஸ் தம்பதி என்று சொல்லிக்கொண்டு திரிந்த இருவரை நியூசிலாந்து போலீஸ் சில நாட்களிலேயே பிடித்துவிட்டது. பிரான்ஸ் முதலில் மறுத்தது. பிறகு பாதுகாப்பு அமைச்சர் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் பிரதமர் லொரான் ஃபாபியுஸ் உண்மையை ஒப்புக்கொண்டார். ஒரு வல்லரசு, தன் நட்பு நாட்டின் துறைமுகத்தில், ஆயுதமில்லாத ஒரு கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தது. சும்மா நின்று பார்ப்பவர்களைக் கண்டு எவ்வளவு பயம் இருந்தால் அப்படிச் செய்யத் தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள். பிரான்ஸ் தன் சோதனைகளை நிரந்தரமாக நிறுத்தியது 1996இல். அதற்கு இன்னும் 11 வருடம் ஆனது.

அண்டார்டிகா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் அந்தக் கண்டத்தில் கனிமம் தோண்ட நாடுகள் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, 1987இல் இவர்கள் அங்கே ஒரு சிறு முகாம் அமைத்து, குளிர்கால இருட்டிலும் ஆட்களைத் தங்கவைத்தார்கள். பக்கத்து ஆய்வு நிலையங்கள் குப்பையையும் கழிவையும் எங்கே கொட்டுகின்றன என்று படம் எடுத்து வெளியிட்டார்கள். 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை அங்கே கனிமச் சுரங்கத்தைத் தடை செய்தது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு.

இதுவரை சொன்னதெல்லாம் "கூடாது, கூடாது" என்ற போராட்டங்கள். "வேண்டாம் என்கிறாயே, வேறு வழியைச் சொல்" என்று கேட்டால்? அதற்கு இவர்கள் தந்த மிக நல்ல பதில் உங்கள் சமையலறையில் நிற்க வாய்ப்பிருக்கிறது. வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கமோ உள்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். சமீபத்தில் வாங்கியது என்றால் பெரும்பாலும் 'ஆர் 600ஏ' என்று போட்டிருக்கும்.

ஃபிரிட்ஜ் குளிர்வதற்கு உள்ளே ஒரு வாயு ஓடுகிறது. மெக்கானிக் வந்து "கேஸ் லீக் ஆயிடுச்சு, ஏத்தணும்" என்பாரே, அந்த கேஸ். ஒரு காலத்தில் அது குளோரோஃபுளோரோகார்பன். ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதை ஒழிக்கத் தொடங்கியது. அதற்குப் பதிலாக வேதியியல் கம்பெனிகள் கொண்டுவந்தது ஹைட்ரோஃபுளோரோகார்பன். ஓசோனை இது அரிக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம் கொண்டது. ஒரு நோயை விட்டு இன்னொரு நோய். ஜெர்மனியின் கிரீன்பீஸ்காரர்கள் 1992இல், முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் மூடும் நிலையில் இருந்த ஒரு பழைய ஃபிரிட்ஜ் தொழிற்சாலையைப் பிடித்தார்கள். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலவையில் ஓடும் ஃபிரிட்ஜைச் செய்யவைத்தார்கள். வெளிவரும் முன்பே பல்லாயிரம் குடும்பங்களிடம் "வந்தால் வாங்குகிறோம்" என்று எழுதி வாங்கிவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் "வெடித்துவிடும்" என்று பயமுறுத்தின. நம் வீட்டுச் சமையல் சிலிண்டரிலும் அதே குடும்பத்து வாயுதான், அதில் 14.2 கிலோ இருக்கிறது. ஃபிரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் நூறு கிராமுக்கும் குறைவு. ஓரிரு வருடத்தில் அதே கம்பெனிகளும் இந்த முறைக்கு மாறத் தொடங்கின. முக்கியமான விஷயம், கிரீன்பீஸ் இதற்கு உரிமம் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான ஃபிரிட்ஜுகள் இப்படி ஓடுகின்றன. அமெரிக்காவில் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இதை அனுமதிக்க மட்டும் 2011 வரை இழுத்தடித்தார்கள்.

என்னைக் கேட்டால், திமிங்கலப் படத்தைவிட இந்த ஃபிரிட்ஜ் பெரிய சாதனை. ஆனால் ரப்பர் படகு மாதிரி இதைப் படம் பிடிக்க முடியாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம், தவறுகள். இதை மறைத்தால் என் பதில் பாதிப் பதில்தான்.

1995இல் வடகடலில் ஷெல் கம்பெனிக்குச் சொந்தமான 'பிரென்ட் ஸ்பார்' என்ற மிதக்கும் எண்ணெய்த் தொட்டியை ஆழ்கடலில் மூழ்கடிக்க பிரிட்டன் அரசு அனுமதி கொடுத்தது. கிரீன்பீஸ்காரர்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் பங்க்குகளைப் புறக்கணித்தார்கள். ஜூன் 20 அன்று ஷெல் பின்வாங்கியது. மாபெரும் வெற்றி. ஆனால் தொட்டிக்குள் 5,500 டன் எண்ணெய் மிச்சம் இருப்பதாக இவர்கள் சொன்ன கணக்கு தப்பு. மாதிரி எடுத்த விதத்திலேயே பிழை. உண்மையில் இருந்தது அதில் சிறு பகுதிதான். செப்டம்பரில் ஷெல்லுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார்கள். கடல் குப்பைத்தொட்டி அல்ல என்ற அடிப்படை வாதம் சரியானதுதான். 1998இல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் இப்படிப்பட்ட இரும்புக் கட்டுமானங்களைக் கடலில் போடுவதைத் தடை செய்தன. ஆனாலும் சாட்சி சொல்லப் போகிறவன் கணக்கில் தப்பு விட்டால், அடுத்த முறை அவன் உண்மையைச் சொல்லும்போதும் ஊர் சந்தேகப்படும். இன்றுவரை அவர்களை எதிர்க்கிற யாரும் முதலில் எடுத்து வீசும் கல் அந்த 5,500தான்.

இன்னொரு தவறு இதைவிட ஆழமானது. 1976 முதல் கனடாவில் சீல் எனும் கடல்நாய்க் குட்டிகளின் வேட்டைக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடத்தினார்கள். வெள்ளைவெளேரென்ற குட்டி, பெரிய கண்கள், பனியில் ரத்தம், ஐரோப்பாவே கலங்கிவிட்டது. 1983இல் ஐரோப்பியச் சமூகம் குட்டித் தோல் இறக்குமதியைத் தடை செய்தது. இலக்கு, வணிகத்துக்காக நடந்த பெரிய வேட்டை. ஆனால் சீல் தோல் சந்தையே மொத்தமாகப் படுத்துவிட்டது. ஆர்க்டிக்கில் தலைமுறை தலைமுறையாக சீல் இறைச்சி தின்று, தோல் விற்றுப் பிழைத்த இனுயிட் மக்களுக்கு வருமானம் போனது. அவர்கள் குட்டிகளை வேட்டையாடியவர்களே அல்ல. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்று கத்துவதற்கு முன், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கனடா கிரீன்பீஸ் 2014இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்போடு நிற்கவில்லை என்பதால்தான் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. கனடாவின் பாஃபின் தீவில் கிளைட் ரிவர் என்ற சின்ன இனுயிட் ஊர், தன் கடலில் எண்ணெய் தேடுவதற்காக ஒலி அதிர்வுச் சோதனை நடத்த கம்பெனிகளுக்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்து வழக்குப் போட்டது. ஒரு காலத்தில் தங்களைக் கெடுத்த அமைப்பையே துணைக்குச் சேர்த்துக்கொண்டது. 2017 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த ஊர் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

'தங்க அரிசி' விவகாரத்தில் அவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. வைட்டமின் ஏ குறைபாட்டைத் தீர்க்க மரபணு மாற்றி உருவாக்கிய அரிசி அது. கிரீன்பீஸின் எதிர்ப்பைக் கைவிடச் சொல்லி 2016இல் நோபல் பரிசு பெற்றவர்கள் 100 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பிலிப்பைன்ஸில் விவசாயிகள் அமைப்போடு சேர்ந்து இவர்கள் போட்ட வழக்கில், 2024இல் நீதிமன்றம் அதன் சாகுபடி அனுமதியை ரத்து செய்தது. விதை யார் கையில் இருக்கும், கலப்படம் ஆகுமா என்ற விவசாயிகளின் கேள்விகள் நியாயமானவை. ஆனால் பார்வை இழக்கும் ஒரு குழந்தையின் தாயிடம் போய் அதைச் சொல்வது எளிதல்ல. பெரு நாட்டுப் பாலைவனத் தரையில் பழங்கால மக்கள் வரைந்த நாஸ்கா கோடுகள் பக்கத்தில் 2014இல் பதாகை விரிக்கப் போய், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான அந்த மண்ணில் கால்தடம் பதித்துவிட்டு வந்ததோ, எந்த வாதமும் இல்லாத தப்பு.

இனி பணம். வெளிநாட்டுப் பணமா? இந்தியக் கிளைக்கு வெளிநாட்டு கிரீன்பீஸிலிருந்தும் பணம் வந்தது, உண்மை. சட்டப்படி அனுமதி பெற்று வந்த பணம். அதைவிடப் பெரும்பகுதி இந்தியர்களே மாதாமாதம் தருவது என்று அமைப்பு சொன்னது. பெருநகரத் தெருமுனைகளில் அட்டையும் படிவமுமாக நின்று "சார், ரெண்டு நிமிஷம்" என்று கேட்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சேர்ந்த பணம்.

'வளர்ச்சியைத் தடுக்கிறார்கள்' என்ற பேச்சு சூடுபிடித்தது 2014இல். உளவுத்துறையின் அறிக்கை ஒன்று கசிந்தது. கிரீன்பீஸ் உள்ளிட்ட அமைப்புகளின் போராட்டங்களால் நாட்டின் உற்பத்தி வளர்ச்சி ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் வரை குறைகிறது என்றது அது. அப்போது இவர்கள் மும்முரமாக இருந்த இடம் மத்தியப் பிரதேசத்தின் மஹான் காடு. அடர்ந்த சால் மரக்காடு. இலுப்பைப் பூவும் பீடி இலையும் பொறுக்கி வாழும் ஊர்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கம் வரவிருந்தது. எஸ்ஸார் கம்பெனி அதில் ஒரு பங்குதாரர். 2015 ஜனவரியில், பிரிட்டன் எம்.பி.க்கள் முன் இதைப் பற்றிப் பேச லண்டன் புறப்பட்ட கிரீன்பீஸ் செயல்பாட்டாளர் பிரியா பிள்ளையை டெல்லி விமான நிலையத்தில் தடுத்து இறக்கிவிட்டார்கள். கையில் முறையான விசா இருந்தது. எந்தக் குற்றத் தண்டனையும் கிடையாது. மார்ச் மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அரசின் கொள்கையோடு மாறுபடுவது தேசத்துக்கு எதிரானது ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். மஹான் தொகுதியை ஏலத்தில் விடுவதில்லை என்று அரசும் முடிவு செய்தது. காடு நின்றது.

ஆனால் அமைப்பு நிற்பது கஷ்டமானது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டு நிதி உரிமம் முடக்கப்பட்டு, செப்டம்பரில் ரத்தானது. இந்த இடத்தில் தமிழ்நாடு வருகிறது, பலருக்குத் தெரியாது. கிரீன்பீஸ் இந்தியா ஒரு சங்கமாகப் பதிவாகியிருந்தது தமிழ்நாட்டில்தான். 2015 நவம்பரில் இங்கே உள்ள சங்கப் பதிவாளர் அந்தப் பதிவையே ரத்து செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் சில நாட்களில் இடைக்காலத் தடை விதித்தது. 2018இல் அமலாக்கத் துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. அடுத்த சில மாதங்களில் பெரும்பாலான ஊழியர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. கணக்கில் தப்பிருந்தால் வழக்குப் போட்டு நிரூபிக்கட்டும். எதிர்ப்பவரின் மூச்சை நிறுத்துவது வேறு, அவர் வாதத்துக்குப் பதில் சொல்வது வேறு.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மக்கள் ஒரு எண்ணெய்க் குழாய்த் திட்டத்தை எதிர்த்து 2016இல் போராடினார்கள். கிரீன்பீஸ் அதற்குத் துணை நின்றது. குழாய்க் கம்பெனியான எனர்ஜி டிரான்ஸ்ஃபர் கிரீன்பீஸ் மேல் வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் நார்த் டகோட்டா ஜூரி 66 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. பிறகு நீதிபதி அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். அந்தப் பாதியே ஒரு அமைப்பை இழுத்து மூடப் போதும். நாற்பது வருடத்துக்கு முன் ஆக்லாந்தில் வைத்தது வெடிகுண்டு. இப்போது வக்கீல் நோட்டீஸ்.

கடைசிக் கேள்வி: நமக்கு என்ன சம்பந்தம்? கொடைக்கானலில் பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஓடிய பழைய இயந்திரங்களை எண்பதுகளில் கழற்றிக் கொண்டுவந்து இங்கே நிறுவினார்கள். பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், கிரீன்பீஸும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் முன்னாள் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். சாக்கு மூட்டைகளில், திறந்தவெளியில். தொழிற்சாலைக்குப் பின்னாலேயே பாம்பார் சோலை. அங்கே பெய்கிற மழை பாம்பாற்றில் இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து சமவெளிக்குப் போகிறது. சுற்றுலா போய் நாம் குளிக்கிற அதே கும்பக்கரை.

செய்தி வந்ததும் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவுகள் எந்த நாட்டிலிருந்து இயந்திரம் வந்ததோ அந்த அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. பணக்கார நாட்டுக் கழிவு ஏழை நாட்டுக்கு வருவதைத்தான் அதுவரை உலகம் பார்த்திருந்தது. இங்கே சரக்கு எதிர்த்திசையில் போனது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குத் தொழிற்சாலை காரணமில்லை என்று கம்பெனி தொடர்ந்து சொல்லிவந்தது. தொழிலாளர்கள் விடவில்லை. மருத்துவ அறிக்கைகளைச் சுமந்துகொண்டு கோர்ட்டுக்கும் அலுவலகங்களுக்கும் நடந்தார்கள். 15 வருடம். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை.

இதில் கிரீன்பீஸின் பங்கு எவ்வளவு? முதல் நாள் அந்தக் காயலான் கடையை உலகத்துக்குக் காட்டியதில் பெரிய பங்கு. அடுத்த 15 வருடத்தை இழுத்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்களும் அவர்கள் மனைவிமாரும், கூட நின்ற உள்ளூர்க்காரர்களும். அந்த அமைப்பைப் பற்றிப் படிக்கிறீர்கள் என்றால் இந்த இரண்டு பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். தொழிற்சாலை மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சம் இருக்கலாம் என்ற சண்டை, இயந்திரங்கள் நின்ற பிறகும் பல வருடம் நடந்தது. 20 மில்லிகிராம் போதும் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சோலைக்கும் ஆற்றுக்கும் மேலே இருக்கிற மண்ணுக்கு அது போதாது, பணக்கார நாடுகளில் கேட்கிற அளவுக்கு இங்கேயும் சுத்தம் செய்யுங்கள் என்றார்கள் கொடைக்கானல்காரர்கள்.